கொல்லைப் பந்தலுக்குக் குறைஞ்ச செலவில் புதுப்பொலிவு

பிள்ளையார்பாளையமோ சின்ன காஞ்சிபுரமோ, பழைய வீடுகளில் கொல்லைக் கதவைத் திறந்தா பெரும்பாலும் ஒரே காட்சிதான். எப்பவோ போட்ட இரும்புப் பந்தல், பச்சைப் பெயிண்ட் உரிஞ்சு, கால் துருப்பிடிச்சு நிக்கும். மேலே பாதி காய்ஞ்ச காகிதப்பூக் கொடி. கீழே உடைஞ்ச பக்கெட்டு, பிரிச்சுப் போட்ட தறி மரம், யாரும் உட்காராத சிமெண்ட் பெஞ்சு. மாசியில் காமாட்சி அம்மன் பிரம்மோற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் உத்திரம், வைகாசியில் வரதர் கருட சேவைனு சொந்தபந்தம் வந்துகிட்டே இருக்கிற ஊர் நம்ம ஊர். நாலு பேர் காத்தாட உட்கார நிழல் இருந்தா வந்தவங்களுக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம். அதுக்காக இருக்கிறதை இடிச்சுட்டுப் புதுசு போடணும்னு இல்லை. காசைப் பந்தலோட காலுக்குச் செலவு பண்ணுவோம். மத்ததை வீட்டிலும் ஊரிலும் கிடக்கிறதை வச்சே முடிப்போம். வாங்க தோழிகளே, ஒண்ணொண்ணாப் பார்க்கலாம்.

1. முதல்ல பந்தலுக்கு அடியில் இருக்கிற அத்தனையையும் வெளியே எடுத்துப் போடுங்க. இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர்னு பிரிச்சு எடைக்குப் போட்டா, பிரைமர் வாங்குற காசில் ஒரு பங்காவது காயலான் கடையிலிருந்தே வந்துடும். மரச் சாமானை மட்டும் போட்டுடாதீங்க. அதுக்கு வேலை இருக்கு, பின்னாடி சொல்றேன்.

2. பந்தல் தேறுமா தேறாதானு மேலே பார்த்து முடிவு பண்ணக் கூடாது. கால் மண்ணைத் தொடுற இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, பழைய ஸ்க்ரூடிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்க. ஈரமும் காத்தும் சேர்ந்து படுறது அங்கதான், அதனால துருவும் முதல்ல அங்கதான் பிடிக்கும். குத்து உள்ளே இறங்கலைன்னா தைரியமா பெயிண்ட் வேலைக்குப் போகலாம்.

3. ஓட்டை விழுந்துடுச்சா? அப்பவும் முழுப் பைப்பையும் மாத்த வேண்டாம். அழுகின பாகத்தைத் தரைக்கு மேலே ஒரு அடி வரைக்கும் வெட்டிட்டு, அதே கனத்தில் ஒட்டுப் பைப் வச்சு, அடியில் ஒரு சதுரத் தகடு பத்தவைக்கச் சொல்லுங்க. வெட்டுறதுக்கு முன்னாடி பக்கத்தில் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து நிறுத்தணும். ஒரு கால் முடிஞ்ச பிறகுதான் அடுத்த காலைத் தொடணும். எல்லாத்தையும் ஒண்ணா வெட்டினா பந்தல் கோணிக்கும், அப்புறம் நிமிர்த்துறதுக்கு இன்னொரு கூலி.

4. வெல்டிங்காரர் வீட்டுக்கு வர்ற அன்னிக்கே கேட் கீல், மோட்டார் ரூம் கதவு, ஜன்னல் கம்பினு வீட்டில் இருக்கிற எல்லா இரும்பு வேலையையும் சேர்த்து முடிச்சுக்குங்க. மிஷினைத் தூக்கிட்டு வர்ற கூலி ஒரு தடவையோட போயிடும்.

5. காலைச் சுத்தி கான்கிரீட் போடும்போது தரைக்கு மேலே நாலு விரல் உயர்த்தி, மேல்பக்கத்தை வெளிப்புறமா சரிச்சுப் பூசச் சொல்லுங்க. மட்டமா பூசினா மழைத்தண்ணி காலைச் சுத்திக் குளம் கட்டும். கொத்தனார் "எல்லாம் ஒண்ணுதாம்மா"னு சொல்வார், விட்டுக் கொடுக்காதீங்க.

6. மரக்கால், மூங்கில் கால்னா கரையான்தான் எதிரி. வண்டிக் கழிவு ஆயிலைத் தடவுற பழக்கம் ஊர் முழுக்க இருக்கு. ஆனா காய் விளையுற மண்ணில் அதைச் சொட்ட விடுறது எனக்குச் சம்மதமே இல்லை. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் கிடைச்சா, கைக்கு உறை மாட்டிக்கிட்டு கால் பாகத்தில் மட்டும் பூசுங்க. தோலில் பட்டா புண்ணாக்கும், கவனம். அதைவிட நல்லது, மரத்தை மண்ணில் புதைக்காம ஒரு கல் மேலே நிறுத்தி, இரும்புப் பட்டை வச்சு முறுக்கிடுறது.

7. பச்சை மூங்கிலை வாங்கி உடனே கட்டினா சீக்கிரமே உளுத்து மாவாக் கொட்டும். ரெண்டு, மூணு வாரம் தண்ணியில் ஊறப் போட்டு, நிழலில் காய வச்சுக் கட்டுங்க. மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்துக்குத்தான் வண்டு வருது; ஊறினா அது கரைஞ்சு போயிடும்.

8. புதுக் கம்பு வாங்குறதுக்கு முன்னாடி, உற்சவம் முடிஞ்சு பந்தல் பிரிக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. நுனி உடைஞ்சதுனு அவங்க கழிச்சுப் போடுற சவுக்குக் கம்பு, நம்ம வீட்டு ஆறடி ஏழடி வேலைக்கு தாராளமாப் போதும். ஏற்கனவே காய்ஞ்ச மரம், வளையாது.

9. துரு சுரண்டுறதைப் பங்குனி, சித்திரை வெயிலில் வச்சுக்குங்க. கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள், கடைசியா தின்னர் நனைச்ச துணி; இந்த வரிசை மாறக் கூடாது. சுரண்டின அன்னிக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிச்சுடுங்க. ஒரு ராத்திரி பனியில் விட்டாலே வெறும் இரும்பில் மறுபடி துரு பூத்துடும். பாதிப் பந்தலை இன்னிக்கு, மீதியை நாளைக்குனு எடுத்துக்கிட்டா தனி ஆளாவே முடிக்கலாம்.

10. எனாமல் பெயிண்டை ஒரே கனமா அடிக்கிறதைவிட, மெல்லிசா ரெண்டு தடவை அடிச்சா வழியாது, பெயிண்டும் மிச்சம். பைப்போட அடிப்பக்கத்தையும் முட்டுகளையும் முதல்ல அடிச்சுடுங்க. கண்ணுக்குத் தெரியாத அந்த இடங்களில்தான் தண்ணி நிக்கும்.

11. நிறம் என் விருப்பத்தைக் கேட்டா, பழைய பச்சை வேண்டாம். இலைப் பச்சைக்கு நடுவில் பெயிண்ட் பச்சை எப்பவும் மங்கலாத்தான் தெரியும். கோயில் மதில் காவி நிறத்தில் அடிச்சுப் பாருங்க. கொடியும் பூவும் எடுப்பா தெரியும், செம்மண் புழுதி பட்டாலும் வித்தியாசம் தெரியாது.

12. கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தா அறுக்காதீங்க, துளை போடாதீங்க, சுத்தியால் உடைக்காதீங்க. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணி தெளிச்சு நனைச்சுட்டு, போல்டை மட்டும் கழட்டி, முழுசா இறக்க ஆள் வையுங்க. பணம் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது.

13. கொடி படர்ற வரைக்கும் நிழல் வேணுமே? தென்னங்கீத்து குளுமை, ஆனா அடிக்கடி மாத்தணும், தீபாவளி ராக்கெட் விழுந்தா ஆபத்து. ஐம்பது சதவீத நிழல் தர்ற பச்சை வலை வாங்கினா கீழே கொடியும் வளரும். உட்கார்ற இடத்துக்கு மேலே மட்டும் எழுபத்தஞ்சு சதவீத வலை போட்டுக்குங்க.

14. வலையைக் கட்டுக்கம்பியால் நிரந்தரமா கட்டிடாதீங்க. ஓரத்தை மடிச்சுத் தைச்சு, எஸ் கொக்கி போட்டு மாட்டினா புயல் செய்தி வந்ததும் பத்து நிமிஷத்தில் இறக்கிடலாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் நம்ம மாவட்டத்தையும் ஒரு கை பார்த்துட்டுப் போனது நினைவிருக்கும். காத்து வலையைப் பிடிச்சு இழுத்தா பந்தலே சேர்ந்து போகும்.

15. கொடிக்கு மேலே கம்பி கட்டும்போது, தெருவில் பாவு இழுத்துக் கட்டுற மாதிரி கட்டணும்: ரெண்டு முனையிலும் உறுதியான கட்டை, ஒரு முனையில் முறுக்குக் கழி. கம்பி தொய்ஞ்சா அந்தக் கழியை ரெண்டு சுத்து முறுக்கினாப் போதும், அவிழ்த்துக் கட்ட வேண்டாம். ஒரு அடிக்கு ஒரு கம்பி, குறுக்கே தேங்காய் நார்க் கயிறு. நைலான் கயிறு வெயிலில் பொடிஞ்சு மண்ணில் கலக்கும், அதைத் தவிர்த்துடுங்க.

16. பந்தல் உயரம் ஏழு அடியாவது இருக்கணும். கம்மியா இருந்தா புடலங்காய் தலையில் இடிக்கும். ரொம்ப உயர்த்தினா காய் பறிக்க ஏணி தேட வேண்டியிருக்கும். பழைய பந்தல் தாழ்வா இருந்தா ஒட்டுக் கால் வைக்கிறப்பவே உயர்த்திக்கலாம்.

17. அடர்த்தியான கொடியை மேற்குப் பக்கம் ஏத்துங்க, மூணு மணி வெயிலை அது பார்த்துக்கும். கிழக்குப் பக்கத்தை அடைக்காதீங்க. கோடையில் சாயங்காலம் வர்ற காத்து அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

18. எந்தக் கொடி? பலரும் ஒரே பந்தலில் அஞ்சாறு வகையை ஏத்திடுறாங்க; ஒண்ணோடொண்ணு பின்னி எதுவும் காய்க்காது. பத்துக்குப் பத்து அடிப் பந்தலுக்கு ரெண்டு காய்க்கொடி, ஓரத்தில் ஒரு பூக்கொடி போதும். புடலை, பீர்க்கு சீக்கிரம் படரும், சீக்கிரம் முடிஞ்சுடும். அவரையை ஆடியில் போட்டா தை மாசப் பொங்கலுக்குக் கொத்துக் கொத்தா நிக்கும். வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கணும்னா கோவைக்கொடிதான் என் தேர்வு.

19. கோவைக்கு விதை தேடி அலைய வேண்டாம். நல்லா காய்க்கிற வீட்டிலிருந்து பென்சில் கனத்தில் நாலு கணு இருக்கிற தண்டு வாங்கி வந்து, ரெண்டு கணு மண்ணுக்குள் போற மாதிரி நட்டுடுங்க. காய்க்கிற கொடியில் வெட்டினதானு கேட்டுக்குங்க, கோவையில் ஆண் கொடியும் உண்டு. ஒரு தடவை பிடிச்சா சில வருஷம் கவலையில்லை, வருஷம் ஒரு தடவை வெட்டிவிட்டாப் போதும்.

20. ஆடிப்பட்டம் தவறிடுச்சா? தைப்பட்டம் இருக்கு. தையில் போட்ட பீர்க்கங்கொடி கத்திரி வெயிலுக்கு முன்னாடி பந்தலைப் பிடிச்சுடும்.

21. கொடி பந்தலை எட்டுற வரைக்கும் பக்கக் கிளையைக் கிள்ளிக்கிட்டே வாங்க. ஒரே தண்டா ஏறணும். மேலே எட்டினதும் நுனியைக் கிள்ளிவிடுங்க, நாலாப் பக்கமும் கிளைச்சுப் பரவும். இந்த ரெண்டு கிள்ளலுக்கும் செலவு கிடையாது. ஆனா காய் எண்ணிக்கையே மாறும்.

22. பூ பூத்து காய் நிக்காம உதிருதா? பெரும்பாலும் மகரந்தம் சேரலை. ஆண் பூவைப் பறிச்சு, அடியில் குட்டிக் காய் இருக்கிற பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுங்க. பீர்க்கும் சுரையும் சாயங்காலம் மலரும், பாகலும் பூசணியும் காலையில் மலரும். நேரம் பார்த்துச் செய்யணும்.

23. வளைஞ்சு சுருளுற புடலங்காய் நுனியில் நூலில் ஒரு சின்னக் கல் கட்டிவிடுங்க. நேரா இறங்கும், நறுக்கவும் சுலபம். பிஞ்சாக இருக்கும்போதே கட்டணும், சிறு கல் போதும்.

24. அவரைப் பிஞ்சில் கறுப்பா ஒட்டியிருக்கிற அசுவினிக்கு, ஒரு லிட்டர் தண்ணியில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்து நல்லா கலக்கித் தெளிங்க. சாயங்காலம் மட்டும் தெளிக்கணும், வெயிலில் தெளிச்சா இலை கருகும். அடுப்பு எரிக்கிற வீடா இருந்தா சலிச்ச சாம்பலைக் காலைப் பனியில் தூவினாலே பாதி போயிடும்.

25. பழைய காகிதப்பூக் கொடியை வேரோட பிடுங்க அவசரப்படாதீங்க. மழை ஓய்ஞ்சதும் காய்ஞ்சதையும் குறுக்கே போறதையும் ஒட்ட வெட்டிட்டு, தண்ணியைக் குறைச்சுடுங்க. புதுத் தளிரில்தான் அது பூக்கும். தண்ணி அதிகமானா இலைதான் மிஞ்சும். முள்ளுக்குப் பழைய ஜீன்ஸ் துணியில் கை உறை தைச்சுக்கலாம்.

26. முல்லை, ஜாதிமல்லியைத் தை பிறந்ததும் கவாத்து பண்ணினா கோடை முழுக்க வாசனைக்குப் பஞ்சமில்லை. உட்கார்ற இடத்துக்குப் பக்கத்திலேயே ஏத்துங்க, பூ வாங்குற காசும் மிச்சம்.

27. பந்தல் ஓரத்தில் ஒரு மரம் வைக்க இடமிருந்தா மந்தாரை வையுங்க. வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லிக்கு மூங்கில் குடலைக்குள் விரிக்கிறது இந்த இலைதான். வீட்டில் சின்ன டம்ளரில் ஊத்தினாலும் அடியில் ஒரு இலை போட்டுப் பாருங்க, மிளகும் சுக்கும் இலை வாசனையோட சேரும்போது சாதாரண இட்லி தோத்துப் போகும். ரொம்பப் பெரிசா வளராத மரம், பூவும் அழகு. இலையைப் பறிச்சுக் காய வச்சுக்கிட்டா வருஷத்துக்கும் ஆச்சு.

28. இப்போ தறி மரத்துக்கு வருவோம். தறி நின்னு போன வீடுகள் நம்ம ஊரில் நிறைய. மரத்தை விறகு விலைக்குப் போட மனசு வராம மூலையில் சாத்தி வச்சிருப்போம். அந்தப் படமரத்தை ஒரு தடவை வெளிச்சத்தில் வச்சுப் பாருங்க. நாலு பட்டையா இழைச்ச கட்டை, நீளவாக்கில் புடவை முனையைச் செருகின காடி, நெய்றவர் வயிறு உரசி உரசி வழவழனு மின்னுற ஒரு பக்கம். எத்தனையோ முகூர்த்தப் புடவை சுத்தின மரம் அது. உறுதியும் அப்படி. ரெண்டு பக்கமும் செங்கல் திண்டு கட்டி இது மாதிரி ரெண்டு கட்டையைப் பக்கம் பக்கமா வச்சா பந்தலுக்கு அடியில் பெஞ்சு தயார். மின்னுற பக்கம் மேலே இருக்கட்டும், அதில் உப்புத்தாளே போட வேண்டாம்.

29. தறி மரத்துக்கு வார்னிஷைவிட ஆளிவிதை எண்ணெய் நல்லது. துணியில் தொட்டு மெல்லிசா தேய்ச்சு, ஒரு நாள் காய விட்டு மறுபடி தேய்ங்க. தேய்ச்ச துணியைச் சுருட்டிப் போட்டுடாதீங்க, சூடேறித் தானே தீப்பிடிக்கும். கொடியில் விரிச்சுக் காய வச்சுட்டுத்தான் குப்பையில் போடணும்.

30. கொல்லைத் தறிக் கொட்டகையில் குழித்தறி இருந்திருந்தா அந்தக் குழியை மண் கொட்டி மூடாதீங்க. ஓரத்தைச் செங்கல் வச்சுக் கட்டிப் பூசினா, கால் தொங்கப்போட்டு உட்கார்ற அருமையான இடம் அது. முட்டி வலிக்காரங்களுக்குத் தரையில் சம்மணம் போடுறதைவிட இது சுகம். மழைத்தண்ணி உள்ளே வராம வரம்பு கட்டிட்டு, குழந்தைங்க வர்ற வீட்டில் பலகை போட்டு மூடி வையுங்க.

31. ஜக்கார்டு அட்டை பழசு கிடைச்சா விட்டுடாதீங்க. நாலஞ்சு அட்டையை வளைச்சு நூலால் கோத்து, நடுவில் சின்ன எல்இடி பல்பு வச்சா, துளை வழியா வர்ற வெளிச்சம் சுவரெல்லாம் புள்ளிக் கோலம் போடும். அட்டைங்கிறதால மழை படாத திண்ணையில் மட்டும் மாட்டுங்க. சூடாகிற குண்டு பல்பு கூடவே கூடாது.

32. தேய்ஞ்ச நாடா ரெண்டு மூணு இருந்தா பலகையில் வரிசையா ஸ்க்ரூ பண்ணி, தோட்டத்துத் துண்டு, கத்தரிக்கோல் மாட்டுற கொக்கியா வச்சுக்கலாம். கூர்முனையை ரப்பர் மூடியால் மூடிடுங்க.

33. சாயப்பட்டறையில் பயன்பட்ட பக்கெட்டு, டிரம்மில் காய்ச்செடி வைக்காதீங்க, எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். பட்டு வேக வச்ச சோடா, சோப்புத் தண்ணியையும் செடிக்கு விடாதீங்க. அந்த டிரம்மில் துடைப்பம், மண்வெட்டி நிறுத்தி வச்சுக்கலாம்.

34. பழைய பட்டுப்புடவையை வெட்டி மெத்தை உறை தைக்கலாம்னு தோணும். கொல்லை வெயிலுக்குப் பட்டு தாங்காது. நூல் இத்துப் போயிடும். அசல் சரிகைப் புடவையில் வெள்ளி இருக்கு, அதை வெட்டாம பத்திரமா வையுங்க. வெளி மெத்தைக்கு கனமான காட்டன் படுக்கை விரிப்பும், தொங்கவிடுற திரைக்கு அலசி அலசி மெத்துனு ஆன நாலு முழ வேட்டியும் போதும்.

35. சிவப்பு சிமெண்ட் திண்ணை மங்கிடுச்சுனா ஆசிட் ஊத்தாதீங்க; சிமெண்டையே அரிச்சுடும். சோப்புத் தண்ணியில் தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, நல்லா காஞ்ச பிறகு நாலு சொட்டு தேங்காய் எண்ணெயைப் பழைய காட்டன் துணியில் தொட்டு வட்டமா தேய்ங்க. எண்ணெய் அதிகமானா வழுக்கும், தூசியும் ஒட்டும். வாரம் ஒரு தடவை வெறும் துணியால் தேய்ச்சாலே பளபளப்பு நிக்கும்.

36. பாசி பிடிச்ச தரைக்கு பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்தி அரை மணி நேரம் விட்டுத் தேய்ங்க. அதோட ஆசிட்டையோ வேறு கழுவுற மருந்தையோ சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். செடி வேர்ப் பக்கம் தண்ணி போகாம ஓரத்தில் மண் வரம்பு கட்டிடுங்க.

37. பந்தல் தரைக்குப் புது டைல்ஸ் தேவையில்லை. கடப்பாக்கல் கடையில் மூலை உடைஞ்ச துண்டுகளைக் குறைச்சுக் கொடுப்பாங்க. மண்ணைக் கெட்டிச்சு, மேலே எம்-சாண்ட் பரப்பி, கல்லுக்குக் கல் ரெண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்க. இடுக்கில் தண்ணி இறங்கும், தரையும் சூடேறாது. வழவழப்பான பக்கம் கீழே, சொரசொரப்பு மேலே.

38. சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை ராத்திரியே நீத்துப் போட்டு, காலையில் துணியில் வடிகட்டிக்குங்க. கொஞ்சம் அரிசிக் கஞ்சி சேர்த்தா கையில் ஒட்டாது. சொட்டு நீலம் விட்டா வெள்ளை பளிச்சுனு நிக்கும். நீத்தும்போது பக்கத்தில் குனிஞ்சு பார்க்காதீங்க, கண்ணில் தெறிச்சா ஆபத்து.

39. வெள்ளைச் சுவரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை அடிச்சுடுங்க. மழையில் தெறிக்கிற சேறு தெரியாது. வருஷா வருஷம் அந்தப் பட்டையை மட்டும் புதுப்பிச்சாப் போதும்.

40. எப்படி அமைக்கிறதுனு மனசில் படம் வரலைனா, சென்னையிலிருந்து மகாபலிபுரம் போற வழியில் முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு எட்டு இறங்குங்க. 1996-ல் திறந்த அந்த இடத்தில் காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு ஒண்ணை நிறுத்தி வச்சிருக்காங்க. திண்ணை எவ்வளவு உயரம், வெளிச்சம் எங்கிருந்து வருதுனு பார்த்துட்டு வந்தா, கடைக்காரர் காட்டுற படத்துக்கெல்லாம் மயங்க மாட்டோம்.

41. வேலையில்லாத ஆட்டுக்கல் இருக்கா? குழியில் ஒரு பைப்பை நேரா நிறுத்தி கான்கிரீட் ஊத்துங்க. குழி தோண்டாமலே அசையாத விளக்குக் கம்பம் கிடைச்சாச்சு. பின்னாடி இடம் மாத்தணும்னா ரெண்டு பேர் உருட்டிடலாம்.

42. விளக்குச் சரம் வாங்கும்போது வெளியில் மாட்டுறதுக்கானதா, ஐபி65 எழுதியிருக்கானு பாருங்க. கொல்லை லைனுக்கு ஆர்.சி.சி.பி. இருக்கணும், ஈரத்தரையில் அது உயிர்க்காப்பு. மஞ்சள் வெளிச்சம் கண்ணுக்கு இதம், பூச்சியும் குறைவா வரும்.

43. மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானப்போ போட்ட தொட்டி எல்லார் வீட்டிலும் இருக்கு. பல வீட்டில் சேறு அடைச்சுக் கிடக்கு. புரட்டாசிக்குள் கல்லையும் மணலையும் எடுத்து அலசிப் போடுங்க. பந்தல் தரைச் சரிவை அந்தப் பக்கமாவே விட்டா கொல்லையில் தண்ணி தேங்காது, கிணறும் ஊறும்.

44. அரிசி கழுவின தண்ணியும் பருப்பு கழுவின தண்ணியும் கொடிக்குத்தான். ஆர்.ஓ. கழிவுத் தண்ணியில் உப்பு அதிகம், அதைத் தரை கழுவ வச்சுக்குங்க. தொட்டிக்கு அடியில் தட்டு வச்சிருந்தா வாரம் ரெண்டு தடவை கவிழ்த்துடணும். இல்லைனா சாயங்காலம் உட்கார்ற சுகத்தைக் கொசு கெடுத்துடும்.

45. கோயில் பக்கத்து வீடுகளில் குரங்குக்குப் பயந்தே பந்தல் போடாதவங்க உண்டு. பாகலும் பிரண்டையும் ஏத்துங்க, கசப்பையும் அரிப்பையும் அது அவ்வளவா விரும்பாது. காயைப் பிஞ்சிலேயே பறிச்சுட்டா அதுக்கும் வர்ற ஆர்வம் குறையும்.

46. 2019-ல் அத்தி வரதர் 48 நாள் காட்சி கொடுத்தப்போ ஒரு கை நிழலும் ஒரு வாய்த் தண்ணியும் எவ்வளவு பெரிசுனு ஊரே பார்த்துச்சு. பந்தல் முடிஞ்சதும் ஒரு மண்பானையை மணல் மேலே வச்சு, ஈரத்துணி சுத்தி, மூடியும் டம்ளரும் வையுங்க. மணலை நனைச்சுக்கிட்டே இருந்தா ஃபிரிட்ஜ் தேவையில்லை.

47. எல்லாத்தையும் ஒரே மாசத்தில் முடிக்க நினைக்காதீங்க. பங்குனி, சித்திரையில் காலும் பெயிண்டும்; வைகாசி, ஆனியில் தரையும் சுவரும்; ஆடியில் விதை. ஐப்பசி மழைக்கு முன்னாடி மேலே படர்ந்த கொடியில் மூணில் ஒரு பங்கைக் கழிச்சுடுங்க, நனைஞ்ச கொடியோட கனம் பழைய பந்தலுக்கு ஆகாது. கழிச்சதை நறுக்கி அந்தக் கொடியோட வேரடியிலேயே மூடாக்கா போட்டுடலாம்.